தாரை வார்த்துக் கொடுத்த தெரு

எனக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தத்தில் தெருவே இருக்கிறது என்று தரகர் சொன்னார். அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஊரின் பெரிய தெருவிலிருந்து கிழக்கே பிரிந்து, நாலைந்து வீடுகளைத் தாண்டி, அவர்கள் வாசலில் போய் முடியும் ஒரு சந்து. தெருவையே சொத்தாக வைத்திருப்பவர்கள் என்றால் லேசுப்பட்டவர்களா என்று என் அப்பா மலைத்துப் போனார். நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் அந்தச் சந்தில் வண்டியை விட்டு இறங்கினேன். இறங்கிய கால் கணுக்கால் வரைக்கும் சேற்றில் போயிற்று. காலை உருவி எடுத்தபோது மெட்டியைக் காணவில்லை. பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் கையை விட்டு அதைத் தேடி எடுத்துக் கொடுத்தது என் நாத்தனார். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. தெருவைத்தான் பிடிக்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது புதுக்கோட்டை டவுனில். நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும் தெருக்கள், முனைக்கு முனை விளக்கு, மழை பெய்தால் வாய்க்காலில் ஓடிவிடும் தண்ணீர். இதெல்லாம் எல்லா ஊரிலும் தானாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு தெருவுக்கு விளக்கு வேண்டுமென்றால் அது முதலில் யாருடைய தெரு என்று தெரிய வேண்டும் என்பது அந்த ஊருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சந்து என் மாமனாருடையது. அவருடைய அப்பா, வண்டி வீடுவரை வர வேண்டும் என்று தன் வயலின் ஓரத்தை ஒதுக்கிப் போட்ட பாதை. பிற்பாடு இரண்டு பக்கத்திலும் மனைகளை விற்றார்கள், வீடுகள் வந்தன, பாதை மட்டும் எங்கள் பெயரிலேயே நின்றது. சந்தின் வாயில் இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு மூங்கில் கழி போட்டிருக்கும். வைக்கோல் வண்டி வந்தாலும் சரி, பெட்ரோமாக்ஸ் விளக்கோடு சாமி வந்தாலும் சரி, யாராவது ஓடிவந்து என் மாமனாரிடம் சொல்ல வேண்டும். "வண்டி ஒண்ணு வருதுங்க." "வரட்டும், வரட்டும், நம்ம பாதைதானே." ஒரு தடவைகூட அவர் யாரையும் வராதே என்று சொன்னதில்லை. ஆனால் கேட்காமல் கழியை எடுத்தால் முகம் சுண்டிப் போகும். கொடுப்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை. அதைவிட ஆசை, தன்னைக் கேட்பதில்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய், நாங்களெல்லாம் திருச்சி ஜில்லாக்காரர்களாகி, ஊருக்குப் பஞ்சாயத்தும் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தலைவராக இருந்தவர் எங்கள் பெரிய தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஊர் முறைக்கு என் மாமனாரை மாமா என்று கூப்பிடுவார். மற்ற தெருக்களுக்குச் சரளை போட்டு உருளை ஓட்டியபோது எங்கள் சந்துக்காரர்கள் போய் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் கையை விரித்துவிட்டார். தனியார் பாதையில் பஞ்சாயத்துக் காசைப் போட்டால் ஆடிட்டில் அவர் தலை உருளுமாம். சந்தைப் பஞ்சாயத்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் சம்மதிக்க வேண்டும், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று தண்டோரா போட்டு அறிவிக்க வேண்டும், அதற்கப்புறம் கூட்டத்தில் தீர்மானம். அன்றிலிருந்து அது பொதுத் தெரு. சரளை, வாய்க்கால், விளக்கு எல்லாம் தானாக வரும்.

மற்ற வீட்டுக்காரர்கள் அன்றைக்கே சரி என்றார்கள். வாய்க்கால் வரும் என்று கேட்டதும் ஒருவர் சந்துக்குள் நீட்டியிருந்த வைக்கோல்போரைத் தானே பிரித்துப் பின்னால் தள்ளிப் போட்டார். மாமனாரும் முதலில் தலையாட்டினார். நான் அடுப்படியில் சந்தோஷத்தில் ஒரு கைப்பிடி சர்க்கரையைக் கூடுதலாகப் பாயசத்தில் போட்டுவிட்டேன். எல்லாம் கெட்டது தண்டோராவில்தான்.

தண்டோராக்காரர் சந்தின் வாயில் நின்று தப்பைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, இந்தப் பாதையைப் பஞ்சாயத்து எடுத்துக்கப் போவுது. ஆட்சேபணை உள்ளவங்க ஆபீசுல சொல்லிக்கலாம்."

மாமனார் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்துவிட்டார். "எடுத்துக்கப் போவுதா? எடுத்துக்க அவங்க யாரு? நான் என்ன செத்தா போயிட்டேன்? எனக்கு ஆட்சேபணை இருக்கு." ஈரக் கையோடு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் அதையே சொல்லிவிட்டு வந்தார். கிளார்க் பாவம், சட்டத்தில் எடுத்துக்கொள்வது என்றுதான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "அப்ப சட்டத்தை மாத்தி எழுதிட்டு வாங்க" என்று பதில்.

மறுநாள் தலைவரே வீட்டுக்கு வந்தார். நல்ல வியாபாரி, ஆளைப் படிக்கத் தெரிந்தவர். உட்காராமல் நின்றுகொண்டே, "மாமா, நான் எடுக்க வரல. கேக்க வந்திருக்கேன். ஊருக்குக் குடுங்க" என்றார்.

மாமனாரின் முகம் அப்படியே மாறிப் போயிற்று. "அத மொதல்லயே சொல்லியிருந்தா தண்டோராவே வேணாமே. குடுக்குறேன். ஆனா குடுக்குறத முறையாக் குடுப்பேன்."

அவருடைய முறை என்னவென்று அடுத்த வெள்ளிக்கிழமை தெரிந்தது. சந்தின் வாயில் வாழைமரம் கட்டியாயிற்று. குருக்கள் வந்தார். தலைவரை மணைப் பலகையில் உட்கார வைத்தார்கள். மாமனார் எதிரில் உட்கார்ந்து, சந்து மண்ணில் ஒரு பிடி எடுத்து வெற்றிலையில் வைத்து, அதைத் தலைவரின் உள்ளங்கையில் வைத்தார். என் மாமியார் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, அது மாமனாரின் கைவழியாகத் தலைவர் கையில் விழுந்தது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பதற்கு எப்படிச் செய்வார்களோ, அச்சு அசலாக அப்படி. தலைவர் கையிலிருந்த மண் கரைந்து சட்டைக்குள் ஓடியது. அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கிளார்க்கைப் பார்த்தார், கிளார்க் வேறு பக்கம் பார்த்தார். கடைசியில் துண்டில் முடிந்துகொண்டு எழுந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நானும் நாத்தனாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்கள் மத்தியில் பஞ்சாயத்துத் தலைவருக்கு மூத்த மாப்பிள்ளை என்றே பெயர்.

தீர்மானம் நிறைவேறியது. மூங்கில் கழி போயிற்று. செம்புறாங்கல் சரளை வண்டி வண்டியாக வந்து இறங்கியது. தண்ணீர் தெளித்து, மாடு கட்டிக் கல் உருளையை ஓட்டினார்கள். ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, முனையில் கம்பம் நட்டு, ஒரு சாயங்காலம் விளக்கும் எரிந்தது. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். புடவையைத் தூக்கிப் பிடிக்காமல் கோயிலுக்குப் போய்வரலாம் என்பதற்காகவே சும்மா இரண்டு தடவை போய்வந்தேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் யாரையும் கேட்காமல் எங்கள் வாசல்வரை ஓடிவந்து திரும்பினார்கள். தயிர்க்காரம்மா, வளையல்காரர், உப்பு வண்டி எல்லாம் இப்போது வாசலுக்கே வந்தன. இவ்வளவு நாள் இந்த வீட்டுக்கு உலகம் கொஞ்சம் எட்டத்திலேயே நின்றிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

மாமனார் வாசல் பக்கமே வருவதில்லை என்பதைக் கவனிக்க எங்களுக்குச் சில நாள் ஆயிற்று. வயலுக்கும் சரி, கடைக்கும் சரி, கொல்லைப் பக்கம் மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, எருக்குழியைச் சுற்றி, படலை நகர்த்திவிட்டுக் கம்மாய்க்கரையில் ஏறி, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிப் பெரிய தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார். வேலி முள் கிழித்த வேட்டியைத் தைத்துத் தைத்து எனக்கு அலுத்துப் போனது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏன் மாமா, தெரு எவ்வளவு நல்லா இருக்கு. இங்கிட்டு ஏன் சுத்திப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பசுவைத் தானம் குடுத்துட்டு, அது பால நாமளே கறந்து குடிப்பாங்களாம்மா?" என்றார். "தாரை வாத்துக் குடுத்தாச்சு. இனி அதுல நான் கால் வைக்கக் கூடாது."

"அப்ப நாங்க?"

"நீங்க குடுக்கலையே. நீங்க தாராளமாப் போகலாம்."

செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றியது மாமியார் ஆயிற்றே என்று அவரைப் பார்த்தோம். அவர், "நான் தண்ணியத்தான் ஊத்துனேன். எனக்கு முட்டி வலி, கம்மாய்க்கரையெல்லாம் ஏற முடியாது" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெரு வழியாகவே கோயிலுக்குப் போனார். அந்த வீட்டில் தெளிவான ஆள் அவர்தான்.

ஊரில் இதைச் சிலர் கேலி செய்தார்கள், பலர் மெச்சினார்கள். குடுத்தா இப்படிக் குடுக்கணும் என்று டீக்கடையில் பேச்சு. அது எப்படியோ அவர் காதுக்கும் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் அவர் கொல்லைப் படலைத் திறக்கும் விதத்திலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டது. நான் அவர்மேல் மரியாதை வைத்திருந்தேன், அது வேறு. ஆனால் அந்த மிடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படியே இருந்திருந்தால் அது வீட்டுக்குள் ஒரு வேடிக்கையாகப் போயிருக்கும். அந்த வருஷம் நாத்தனாருக்கு விராலிமலைப் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் எங்கள் வீட்டில். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குள் வந்ததும், பெண்ணின் அப்பா தெருமுனைக்குப் போய், மாலை போட்டு, தானே முன்னால் நடந்து வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அண்ணன் போய் அழைத்தால் ஏனென்று கேட்பார்கள். சித்தப்பா போய் அழைத்தால் அப்பாவுக்குச் சம்மதம் இல்லையா என்பார்கள். அப்பாதான் போக வேண்டும்.

மாமனார் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கம்மாய்க்கரையில வந்து எறங்கட்டும். நான் அங்கயே மாலை போட்டு, கொல்லை வழியா அழைச்சுக்கிட்டு வாரேன். எருக்குழியச் சுத்தி ஓலைத் தட்டி கட்டி மறைச்சுட்டாப் போச்சு."

மாப்பிள்ளையை மாட்டுக் கொட்டகை வழியாக அழைத்து வருவதாம். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் அப்பா முன்னால் வாயைத் திறக்க மாட்டார். என்னிடம் வந்து, "நீ சொல்லிப் பாரேன்" என்றார். நான் சொல்லிப் பார்த்தேன். குருக்கள் வந்து, சாஸ்திரத்தில் அப்படி எதுவும் கிடையாது என்றார். "ஒங்க சாஸ்திரத்துல இல்லாட்டிப் போகட்டும், எனக்கு இருக்கு" என்று பதில் வந்தது. கடைசியாகத் தலைவர் வந்தார்.

"மாமா, பொதுத் தெருன்னா எல்லாருக்கும் பொது. வளையல்காரன் வாரான், உப்பு வண்டி வருது. அந்த எல்லாருல நீங்களும் உண்டுதானே?"

"எல்லாருக்கும் உண்டு மாப்ள. குடுத்தவனுக்குக் கிடையாது."

"அப்ப ஒண்ணு செய்யிறேன். கல்யாணம் முடியிற வரைக்கும் திருப்பி ஒங்களுக்கே குடுத்துடுறேன்."

தலைவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கொடுத்ததைத் திருப்பி வாங்குவதா என்று மாமனார் எழுந்து உள்ளே போனவர், தலைவர் போகும்வரை வெளியே வரவில்லை. எடுத்துக்கொண்ட தெருவைத் திருப்பிக் கொடுக்கப் பஞ்சாயத்துக்கு அதிகாரமும் இல்லை என்று கிளார்க் பிறகு சொன்னார்.

நாத்தனார் இதிலெல்லாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசும் சுபாவமும் இல்லை. அப்பாவுக்கு எதிரில் நின்று அவள் பேசி நான் பார்த்ததே கிடையாது. என்னிடம் மட்டும், "கொல்லை வழியாக் கூட்டிட்டு வந்தாங்கன்னு காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க அண்ணி" என்றாள். கல்யாணப் பெண்ணுக்கு வர வேண்டிய களை வராமல், சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஊருக்கே தெருவைக் கொடுத்த மனுஷனுக்கு, பெற்ற பெண்ணுக்காக அதில் நாலு அடி நடக்க முடியாதா என்று மாமியாரிடம் சத்தமாகவே கேட்டேன். மாமனார் காதில் விழட்டும் என்றுதான் கேட்டேன். விழுந்திருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஒரு காலை நேரம். மாமனார் கொல்லையில் அரிவாளோடு நின்று, மாப்பிள்ளை வரும் வழிக்காக வேலி முள்ளைக் கழித்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில். நாத்தனார் ஒரு சொம்பில் மோர் கொண்டு போனாள். நான் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது.

அவர் மோரை வாங்கிக் குடித்தார். அவள் சொம்பை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"என்னையும் தாரை வாத்துத்தானே குடுப்பீங்க?"

"ஆமா. பின்ன?"

"ஆத்தா தண்ணி ஊத்துவாங்க, நீங்க கையில பிடிச்சுக் குடுப்பீங்க."

"ஆமாம்மா. அதான் முறை."

"அப்ப அதுக்கப்பறம் எங்க வீட்டுப் பக்கம் வர மாட்டீங்களா? என் கையால ஒரு வாய் சாப்பிட மாட்டீங்களா?"

கேட்கும்போது அவள் குரல் உயரவில்லை. குத்திக் காட்டுகிற பேச்சும் இல்லை அது. அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. இத்தனை நாளும் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளை வீட்டுப் பேச்சுக்குப் பயந்து மட்டுமில்லை என்று எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

மாமனார் வெட்டிய முள்ளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அரிவாளை வேலியில் மாட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களைத் தாண்டி வீட்டுக்குள் போனார். போனவர் நடுவில் நிற்கவில்லை. கூடத்தைத் தாண்டி முன்வாசலுக்குப் போய், கடைசிப் படியில் நின்றார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். மாமியார் கையில் கரண்டியோடு.

வெறுங்காலோடு சரளையில் இறங்கினார். முதல் இரண்டு அடி தண்ணீரில் இறங்குகிற மாதிரி தயங்கித் தயங்கி வைத்தார். அப்புறம் நடந்தார். எதிர் வீட்டுப் பெண் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். வைக்கோல்போர் வீட்டுக்காரர் பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதற்கு நான் இன்றைக்கும் அவர்களுக்கு நன்றி சொல்வேன். முனை வரைக்கும் போய், விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

நாத்தனார் வாசலில் நின்றிருந்தாள். அவள் எதிரில் வந்து நின்று, அவள் தலையில் கை வைத்தார்.

"வருவேன்மா" என்றார். "கூப்பிடாட்டியும் வருவேன். சாப்பிட்டுட்டுத்தான் போவேன்."